வெண்கட்டி தின்ற பிள்ளை

எட்டாந்தர வகுப்பில் வெண்கட்டி குறைந்துகொண்டே போனது. திங்கட்கிழமை புதுப்பெட்டி திறந்தால் வியாழக்கிழமை எழுத ஒரு துண்டும் மிஞ்சாது. பையன்கள் எறிந்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் இடைவேளை முடியுமுன் வகுப்புக்குள் போனேன். அந்தப் பிள்ளை என் மேசையருகே நின்றாள். கையை இறுக மூடியிருந்தாள். உதட்டில் வெள்ளை.

"வாயில என்ன?"

மூடிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கையத் திற."

உள்ளங்கையில் கடித்த வெண்கட்டி.

போன தவணை வரை கணக்குப் பாடத்தில் முதலில் கை தூக்கியவள் அவள். இப்போது மேசையில் தலை வைத்துத் தூங்குவாள். சோம்பல் பிடித்துவிட்டது என்று அவள்மேல் எனக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. எல்லாரும் வந்து உட்காரும்வரை காத்திருந்து, "களவெடுத்தவள் வெளியில நில்" என்றேன். போய் முற்றத்தில் நின்றாள். நான் பின்னக்கணக்கு எழுதத் தொடங்கினேன். இரண்டாவது கணக்கு முடிவதற்குள் வெளியே தொப்பென்று ஒரு சத்தம்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையை நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு பள்ளி அதிபரின் அறைக்கு ஓடினேன். அவ்வளவுதான் கனம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"சாயத்தண்ணி." பாலில்லாத வெறுந்தேநீர்.

"அதோட?"

"சாயத்தண்ணிதான் டீச்சர். ரொட்டி தம்பிங்களுக்கு."

எங்கள் பள்ளிக்கூடம் உக்குவளையில் பஸ்ஸை விட்டிறங்கி, ஆட்டோவில் மேலே ஏறிப் போகவேண்டிய இறப்பர்த் தோட்டத்தில் இருக்கிறது. சின்ன வகுப்புகளுக்கு மத்தியானம் சோறும் பருப்பும் கிடைக்கும். எட்டாந்தரத்துக்கு அது இல்லை. அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா விடியுமுன் இறப்பர் பால் வெட்டப் போய்விடுவார். இதெல்லாம் நான் அறியாததல்ல. வகுப்புப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த நாள் அம்மாவையும் மகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சிங்களம் பேசும் இளம்பெண். நான் தமிழாக்கிச் சொன்னேன். கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. "மண், பச்சரிசி, ஐஸ்கட்டி, இப்படி ஏதாவது தின்கிறாளா என்று கேளுங்கள்" என்றார். நான் தமிழில் கேட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு முன்னால் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது.

நானே டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இரும்புச்சத்து இல்லாத உடம்பு இப்படித்தான் எதையாவது தேடும், அது கெட்ட பழக்கமல்ல, இரத்தச்சோகையின் அடையாளம் என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழரை. பன்னிரண்டு இருக்கவேண்டும்.

மறுநாள் அவள் வந்து உட்கார்ந்ததும் வகுப்புக்கு முன்னால் நின்றேன். தண்டனை கொடுத்தது எல்லார் முன்னாலும். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

"இவ களவெடுக்கல. வருத்தம் வந்த பிள்ளைய வெயில்ல நிப்பாட்டினது நான். பிழை என்னோடது."

அவள் கொப்பியைப் பார்த்தபடியே இருந்தாள்.

தினம் ஒரு மாத்திரையாக இரும்புக்குளிசை கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்தும் அவள் முகத்தில் மாற்றமில்லை. சனிக்கிழமை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அம்மா வாசலில் பாய் விரித்து உட்காரச் சொன்னார்.

"குளிச குடிக்கிறாளா?"

அம்மா தயங்கினார். "நாலு நாள் குடிச்சிச்சிங்க டீச்சர். வெளிய போனா கறுப்பா போகுதுன்னு அழுதிச்சி. வயித்துக்குள்ள ரத்தம் கெட்டுப்போச்சின்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. பயந்து நிப்பாட்டிட்டேன்."

டாக்டர் அன்று பத்து விஷயம் சொன்னார். கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்பதும் அதில் ஒன்று. ஒன்பதைத்தான் நான் தமிழில் சொல்லியிருந்தேன். திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அதை விட்டுவிட்டேன்.

அங்கேயே அதைச் சொன்னேன். சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது, ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கவேண்டும் என்பதையும் மறுபடி சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா அடிக்கடி மூச்சு வாங்கினார். எழுந்து கிட்டப்போய், "கொஞ்சம் கண்ணக் காட்டுங்க" என்றேன். மகளுடையதைவிட வெளிறியிருந்தது.

"நீங்களும் வரணும்."

"எனக்கென்னங்க டீச்சர், நான் நல்லாத்தானே நடமாடுறேன். வேலைய விட்டுட்டு எப்படி வாறது?"

"வேலைக்காட்டுல விழுந்தா யாரு தூக்குறது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து மகளின் குளிசை என் கைப்பையில். மற்றவர்கள் பார்க்காமல் இருக்க நூலக அறையில் கொடுத்தேன். அது உடம்பில் சேர, ஒரு கிளாஸ் புளிப்பான தேசிக்காய்த் தண்ணீரும். விடுமுறை நாட்களுக்கு அம்மா பொறுப்பு. அதிபரிடம் போய், பெரிய வகுப்புகளுக்கும் ஏதாவது வேண்டும் என்றேன். "மேல கேட்டுத்தான் செய்யணும்" என்றார். "கேளுங்க சேர். கேட்டு வாறவரைக்கும் நாங்க கஞ்சி காய்ச்சுறோம்." மத்தியானச் சோறு சமைக்கும் தாய்மார் சம்மதித்தார்கள். முருங்கையிலையும் வல்லாரையும் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். முதல் நாள் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் இரண்டு கோப்பை குடித்துக் காட்டினேன். உண்மையில் எனக்கும் அந்த வாசனை பிடிக்காது.

மூன்று மாதத்தில் பத்தரை. போதாதுதான். குளிசையை நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் சொன்னதை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினேன். அதற்குள் என் வகுப்பிலிருந்து இன்னும் நான்கு பெண்பிள்ளைகளை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன். இன்னொரு பிள்ளையின் தகப்பன் மட்டும், "எங்க புள்ளைக்கு நோயில்ல" என்று இரண்டு தடவை கதவைச் சாத்திவிட்டார்.

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. இரத்தம் எடுக்கும் வரிசையில் மகளுக்குப் பின்னால் அவரும் நின்றார். முறை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். வெளியே வந்து பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்:

"கதவச் சாத்தின அந்தாளு வீட்டுக்கு மறுபடி எப்பங்க போறீங்க?"

"சனிக்கிழமை."

"நானும் வாறேன். நீங்க சொன்னா கேக்கமாட்டான். நான் பேசுறேன்."