பளபள ப்ரைமரும் பன்னிரண்டு சிப்பாய்களும்

மூன்று வாரத்துக்கு முன்னால் என் மனைவி ஒரே ஒரு வேலை சொன்னாள். பெயிண்ட்டுக்கு முன்னால் அடியில் பூசும் ஸ்ப்ரே ப்ரைமர் ஒரு டப்பா வாங்கி வர வேண்டும். அதையும் சொதப்பினேன் என்றால் நம்புவீர்களா? நம்புவீர்கள், எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை. சுண்டுவிரல் உயர பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவளுக்குப் பைத்தியம். காக்ஸ் டவுன் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பாதி ராணுவத்துக்கு, மீதிதான் எங்களுக்கு.

போன வருடம் மாடல் கிளப் கண்காட்சியில் அவளுடைய சிப்பாய்களைப் பார்த்துவிட்டு, செயலாளர் நேராக வந்து கை குலுக்கினார்... என்னோடு. நானும் அசடு வழிய தேங்க்ஸ் சொல்லித் தொலைத்தேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா என்னை முறைத்துவிட்டுத் தன் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"இந்த வருஷம் மேடையில என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அவ்ளோதான்," என்றாள் இந்த முறை.

இந்த லட்சணத்தில்தான் நான் கார் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"மேட்டா, கிளாஸா, நடுவுல ஸாட்டினா சார்?" என்றார் கடைக்காரர்.

மினுமினுப்பே இல்லாத மேட் சாம்பலைப் பார்த்தால் அழுது வடிந்தது. கிளாஸ் பளபளத்தது. பளபளத்தால் உசத்தி — பாத்திரத்திலிருந்து பட்டுப்புடவை வரை நாம் அப்படித்தானே வாங்குகிறோம்? அதோடு விட்டேனா... உதவுகிறேன் பேர்வழி என்று, அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் மொட்டை மாடியில், போட்டிக்கு எடுத்து வைத்திருந்த சிப்பாய்கள் பன்னிரண்டு பேருக்கும் நானே அடித்தும் முடித்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு சிப்பாயின் கோட்டில் சிவப்பு வைத்தாள். ஒட்டவில்லை. சேப்பங்கிழங்கு இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றது.

"ஏங்க, பெயிண்ட்டைப் பிடிச்சுக்கறதுக்குத்தான் ப்ரைமரே. இப்படி வழவழன்னு இருந்தா எப்படிப் பிடிக்கும்?"

"பாக்க நல்லா இருக்கே..."

"நல்லாத்தான் இருக்கு. போய் பிரேக் ஆயில் வாங்கிட்டு வாங்க, அதுல ஊறப்போட்டாதான் இது உரியும்."

ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் வாங்கி வந்தேன். ஒரு நாள் முழுக்க அதில் ஊறவைத்து, கையுறையும் பழைய டூத் பிரஷ்ஷுமாக அத்தனை பேரையும் தேய்த்துக் குளிப்பாட்டியது அடியேன்தான்.

அடுத்து அவளே கடைக்குப் போனாள். மேட் ஒன்று, ஸாட்டின் ஒன்று. ஐஸ்கிரீம் ஸ்பூன்களில் அடித்து, மேலே சிவப்புப் பூசி, மறுநாள் நகத்தால் கீறினாள். ஸாட்டினில் உரிந்தது. அழுது வடிந்த மேட்டில்? அசையவே இல்லை.

ஆனால் வானம் ஒத்துழைக்க வேண்டுமே. நான்கு நாளாகத் தூறல். ஈரக்காற்றில் அடித்தால் ப்ரைமர் வெளுத்துச் சொரசொரக்கும். கண்காட்சிக்கு ஐந்தே நாள். நான்தான் மணிக்கொரு தடவை மாடி ஏறி வானத்தைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வெயில் அடித்ததும், அரை நாள் லீவு போட்டு, ஒரு முழம் தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு கோட் அடித்தாள். மீதி நாட்களில் சிப்பாய்களின் சட்டைப் பொத்தான் வரை பெயிண்ட் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இரண்டாம் முறை வந்தும் பார்த்தார். பிறகு மைக்கில், "ஃபர்ஸ்ட் ப்ரைஸ், மிசஸ் ஸ்டெல்லா."

நான் விசிலடித்தேன். ஐம்பது வயதில், கோட்டு சூட்டுக்காரர்கள் நடுவில். வெட்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

மேடையை விட்டு இறங்கிய செயலாளர் நேராக என்னிடம் வந்தார்.

"கங்கிராட்ஸ் சார். ப்ரைமர் என்ன ஃபினிஷ் யூஸ் பண்றீங்க?"

"நான் கிளாஸ்தான் சார் அடிப்பேன். அதைக் கழுவிட்டு மேட் அடிச்சு ஜெயிக்கிறவங்க, அதோ கோப்பையோட நிக்கறாங்க."