டைமர் வைத்த ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டி என்றால் ரொட்டிக்கடையில் வாங்குவதுதான். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும் நீளமாக இருப்பது ரொட்டி. சதுரமாக அறுத்து உறையில் போட்டு விற்பதும் ரொட்டிதான். கோதுமை மாவைத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுத்தால் அது சப்பாத்தி. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதில் சந்தேகம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கும் கிடையாது. அதனால்தான் போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை வந்தது.

அவருக்குச் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை, அப்போது ஒரு வருஷமாக ராத்திரி ஷிப்ட். மாலை ஆறு மணிக்கு மிஷினில் நின்றால் காலை ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். எனக்குக் காலாப்பட்டில், பல்கலைக்கழகத்து அலுவலகம் ஒன்றில் வேலை. அவர் காலை ஆறே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைவார். நான் ஏழரைக்குப் பஸ் பிடிக்க ஓடுவேன். சாயந்திரம் நான் திரும்பும்போது அவர் கம்பெனி வண்டியில் ஏறிப் போயிருப்பார். எனக்கு ஞாயிறு லீவு, அன்றைக்குப் பகலெல்லாம் அவர் தூங்குவார். அவருக்கு லீவு புதன். அந்தப் புதன்கிழமையும் நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் அசந்து தூங்கிவிடுவார். எங்கள் ஒரே மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஆகமொத்தம் ஒரு நாளில் நாங்கள் இரண்டு பேரும் கண் விழித்தபடி ஒரே வீட்டில் இருப்பது முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் அடுப்புக்குக் கொடுத்திருந்தேன். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வரும் மனிதருக்கு ஆறிப்போனதைப் போட எனக்கு மனசு வராது. அவர் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சமையலறையில் தோசையைச் சுடச்சுட எடுத்து ஓடிப்போய்ப் போட்டுவிட்டு, அடுத்தது கருகுவதற்குள் ஓடி வருவேன். இதைவிட ஒரு பெண்டாட்டி என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்படி ஒரு நாள் இரண்டு தோசைக்கு நடுவில், "ஒரு ரொட்டி மிஷினு வாங்கலாமா?" என்று கேட்டார். கூட வேலை செய்பவர் யாரோ செல்போனில் வீடியோ காட்டினாராம். மாவையும் தண்ணீரையும் கொட்டி மூடிவிட்டால், அதுவே பிசைந்து, அதுவே உப்ப வைத்து, அதுவே சுட்டும் கொடுத்துவிடுமாம்.

"தெருவுக்கு ரெண்டு ரொட்டிக்கட இருக்கு. வர்ற வழியில எறங்கி வாங்கினு வந்தா ஆச்சி. இதுக்கு மிஷினு ஒரு கேடா?" என்றேன்.

"வாங்கினு வந்தா நீ தோச ஊத்தாம இருந்துடுவியா?"

"கட ரொட்டி தெனமும் துன்னா வயித்துக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றப் போனேன். அவர் எதற்காக அப்படிக் கேட்டார் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். கல் காய்ந்துகொண்டிருந்தது, யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, எனக்குத் தெரியாமல் அவர் ஆர்டர் போட்டிருந்த பெட்டி வந்தது. பகலில் வாங்கி வைத்தவர் பிரிக்கவில்லை. மறுநாள் காலையில் வேலை முடிந்து வந்து, கைகால்கூடக் கழுவாமல், என்னைக் கூப்பிட்டு நிறுத்தி என் முன்னால்தான் பிரித்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உள்ளே இரண்டு வட்டத் தட்டுகளும் ஒரு கைப்பிடியும் இருந்தன. மாவை உருட்டி நடுவில் வைத்து அமுக்கினால் சப்பாத்தியாக விரித்துச் சுடுகிற சாமான் அது.

நடந்தது இவ்வளவுதான். அவர் போனிடம் வாயால் 'ரொட்டி மேக்கர்' என்று சொல்லியிருக்கிறார். வடக்கே ரொட்டி என்றால் சப்பாத்தி. போனுக்கு வடக்கத்தி ரொட்டிதான் தெரியும், எங்கள் ஊர் ரொட்டி தெரியாது. "மூடி போட்டிருந்திச்சி. உள்ள வேவும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது, அது எங்கள் தெருவுக்கே தெரியும். "ஊத்துற தோச போதாதுன்னு இனிமே ஒண்ணொண்ணா சப்பாத்தி வேற அமுக்கினு நிக்கணுமா நானு? நின்னு நின்னு என் காலு ஒடியணும், அதான உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் கைப்பிடியை மேலே தூக்கி, கீழே இறக்கி, மறுபடி தூக்கினார்.

"நிக்க வேணாம்னுதான் வாங்குனேன்" என்றார்.

"இன்னா?"

"அது தானா செஞ்சிக்கும், நீ கொஞ்ச நேரம் எம் பக்கத்துல ஒக்காருவேன்னு நெனச்சேன். ஒரு வருசமா உன் முதுகத்தான் பாத்துனு கெடக்கறேன்."

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. போய் அணைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த பெண்டாட்டியிடம், வந்து பக்கத்தில் உட்கார் என்று நேராகக் கேட்க முடியாமல் இந்த மனிதர் ஒரு மிஷினைத் தேடி அலைந்திருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சப்பாத்தி சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அடுத்ததை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மகனிடம் கேட்டதில் அதற்குப் பெயர் 'பிரெட் மேக்கர்' என்று எழுதி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் வீட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். இரண்டு மாடல் வைத்திருந்தார்கள். பெரியதில் முந்திரி, திராட்சை தூவ ஒரு தனிப் பெட்டியும், ஜாம் காய்ச்ச ஒரு பட்டனும் இருந்தன. சின்னது அரைக் கிலோ ரொட்டிக்கானது. கடையில் இருந்த பெண் பெரியதைப் பற்றியே விடாமல் பேசினாள். முறுகல் கூட்டலாம், குறைக்கலாம், கேக்கும் சுடலாம் என்றாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நானு பக்கத்துல நிக்கணுமா?" என்று கேட்டேன்.

"நிக்க வேணாங்க்கா. முந்தின நாளே எல்லாத்தயும் போட்டு டைமர் வச்சிடுங்க. நீங்க சொல்ற நேரத்துக்கு ரெடியா இருக்கும்."

"நடுவுல தொறந்து கிண்டணுமா?"

"வேணாங்க்கா."

"ரெண்டுலயும் டைமர் இருக்குதா?"

"ரெண்டுலயும் இருக்குக்கா."

"அப்ப சின்னத எடும்மா" என்றேன். எதற்காக இவ்வளவு கேட்டுவிட்டுச் சின்னதை எடுக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

முதல் நாள் தண்ணீர், மாவு, உப்பு, சர்க்கரை எல்லாம் போட்டு, ஈஸ்ட்டைத் தண்ணீர் படாமல் மாவின் மேல் குழி பறித்து வைத்து, ஆறே முக்காலுக்கு முடியும்படி டைமரைத் திருப்பினேன். காலையில் வீடு முழுக்க ரொட்டிக்கடை வாசனை. செருப்பைக் கழற்றும்போதே அவர் மூக்கை உறிஞ்சினார். மூடியைத் திறந்தால் ரொட்டி நடுவில் குழி விழுந்து உட்கார்ந்திருந்தது. அளவு தெரியாமல் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருக்கிறேன். "இருங்க, ரெண்டு தோச ஊத்திடறேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு துண்டு, வெண்ணெய், காபி. கல்யாணமான புதிதில்கூட அவர் முன்னால் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டியின் ஓரத்தைக் காபியில் நனைத்து நனைத்து, இடது கன்னத்துக்குள்ளேயே அடக்கி மென்றார்.

"ஏங்க, ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

வாயைத் திறந்து காட்டினார். வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. ஈறு நன்றாக ஆறி வழவழவென்று இருந்தது.

"எப்பப் புடுங்குனீங்க?"

"அது ஆச்சி, ஆறு மாசம்."

அந்த ஆறு மாசமும் ஒரு நாள் விடாமல், அவருக்குப் பிடிக்குமே என்று நான் தோசையை முறுக முறுகத்தான் சுட்டுப் போட்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே" என்றார். "நீ அடுப்பாண்ட இருந்த. காதுல வுழல போல."