கை நடுங்கியதைப் பார்த்தவர்கள்

மாதா கோவிலில், ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். புத்தகத்தின் மேலிருந்த கை நடுங்கியது. யாரோ ஒருவர் ஏறி மிச்சத்தை வாசித்து முடித்தார். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது எப்படி நேர்ந்தது என்று புரியவில்லை. அடுத்த வாரம் வகுப்பிலும் அதேதான். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தப் பழகினேன். பிறகு லீவு போட ஆரம்பித்தேன்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொன்ன டாக்டர், மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது இளையவர் அந்தப் பெண். தனியாக இரண்டு முறை பேசிவிட்டு, "சனிக்கிழமை மூணு மணிக்கு குழுவா உக்காந்து பேசுறோம் டீச்சர். பன்னெண்டு வாரம். வாங்களேன்" என்றார். நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாதவளை நாலு பேர் நடுவில் உட்காரச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. என் கணவர்தான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "பேச வேணாம். சும்மா உக்காந்துட்டு வா" என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மருந்துக்கடை மாடியில் ஒரு நீள அறை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னையும் ஆலோசகரையும் சேர்த்து ஏழு பேர். இப்போதும் சனிக்கிழமை மதியம் வீட்டில் தனியாக இருந்தால் அந்த அறை ஞாபகம் வந்துவிடுகிறது. கீழே கண்டக்டர்கள் ஊர்ப்பெயர் கூவுவது மாடிவரை கேட்கும். மின்விசிறிக் காற்றில் எங்கள் நோட்டுகள் படபடக்கும். நோட்டின் பக்கத்தை மூன்றாக மடிக்கச் சொல்வார் ஆலோசகர். என்ன நடந்தது, அப்போது மனசு என்ன சொன்னது, மனசு சொன்னதற்கு ஆதாரம் என்ன. மூன்றாவது பத்தி எல்லோருக்குமே காலியாகத்தான் கிடக்கும்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவர் என் எதிரில் உட்காருவார். நெஞ்சுவலி வந்து செத்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு. எடுத்த ஈசிஜி எல்லாம் சரியாகவே இருந்தன, அவர்தான் நம்பவில்லை. வந்ததிலிருந்து போகும்வரை பேசுவார். யார் எதைச் சொன்னாலும் யோசனை சொல்வார். எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு வாரம் நான் வாயே திறக்கவில்லை.

ஐந்தாவது வாரம், ஆத்தூர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த அம்மா பேச ஆரம்பித்தார். துபாயில் இருக்கும் மகன் போனை எடுக்கவில்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் மண்டிக்காரர் குறுக்கே வந்தார். "அதுக்கு ஒரு ஆப் இருக்குதுங்கம்மா, பையன் எங்க இருக்கான்னு..."

"செத்த நேரம் சும்மா இருங்கய்யா" என்றார் அந்த அம்மா. "நீங்களே பேசிக்கிட்டு இருந்தா நாங்க எதுக்கு இம்புட்டு தூரம் பஸ் ஏறி வாரோம்?"

ஆலோசகர் சமாதானம் செய்வார் என்று பார்த்தேன். அவர் செய்யவில்லை. மண்டிக்காரரைப் பார்த்து, "பேசாம இருந்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தோணுது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அமைதியா இருந்தா நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குதுங்க. எப்ப நின்னுருமோன்னு பயமா இருக்குதுங்க."

பூக்காரம்மா தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டார். "தெரியாமப் பேசிட்டேன் அப்பு" என்றார். மகனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாலும், மண்டிக்காரரைவிட அந்த அம்மாவுக்கு வயது குறைவுதான். ஆனாலும் அந்த வார்த்தை அங்கே பொருந்தியது. அப்போது, யாரும் கேட்காமலே, நான் வாய் திறந்தேன். கோவிலில் நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் உங்களையே பாத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு ஆதாரம்?" என்றார் ஆலோசகர். காலியாகக் கிடந்த மூன்றாவது பத்தியைக் காட்டினேன். "அப்ப இங்கயே பாத்துருவோம்."

அடுத்த வாரம் எழுந்து நின்று செய்தித்தாளில் ஒரு பக்கம் வாசித்தேன். வைகை அணை நீர்மட்டம் பற்றிய செய்தி. கை நடுங்கியது. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வாசிப்பதற்கு முன்பே என் நோட்டில், 'ஆறு பேரும் நடுக்கத்தைப் பார்ப்பார்கள், மனசுக்குள் சிரிப்பார்கள்' என்று எழுதியிருந்தேன். முடிந்ததும் ஆலோசகர் ஒவ்வொருவரிடமும் என்ன கவனித்தீர்கள் என்று கேட்டார்.

பூக்காரம்மா, "நெசத்தச் சொன்னா கோவிச்சுக்காதீக டீச்சர். அணையில தண்ணி கூடுதுன்னதும் எங்க கெணத்து ஞாவகம் வந்துருச்சு. அப்புறம் நீங்க படிச்சது காதுலயே விழல" என்றார். மண்டிக்காரர், "சேலை கலர் நல்லா இருக்குதுன்னு நெனச்சேனுங்க. கையெல்லாம் நான் பாக்கலீங்க" என்றார். கதவோரம் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி மட்டும் நடுக்கத்தைப் பார்த்திருந்தாள். "எனக்கும் இப்படித்தான் நடுங்கும். இவங்களுக்குமான்னு நெனச்சேன்" என்றாள்.

நான் சிரித்தேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. மூன்றாவது பத்தியில் எழுத எனக்கு முதல் தடவையாக ஏதோ இருந்தது.

ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று ஒரு கணக்கை முழுசாகச் சொல்லிமுடிக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. கோவிலில் மறுபடி வாசகம் வாசித்தபோதும் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு வாசித்தேன்.

பன்னிரண்டாவது வாரம் பூக்காரம்மா எல்லோருக்கும் மல்லிகைச் சரம் கொண்டுவந்தார். மண்டிக்காரர் தன் பங்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இங்க வர்றத வீட்டுல சொல்லலீங்க. இதக் குடுத்தா எங்க போயிட்டு வாரேன்னு கேப்பாங்க, கேக்கட்டும்" என்றார். படியிறங்கி வந்தும் மருந்துக்கடை வாசலில் அரைமணி நேரம் நின்றோம். இனி பேச வேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. பழனி பஸ் வந்ததும் மண்டிக்காரர் ஓடிப்போய் ஏறினார். செம்பட்டி பஸ்ஸில் பூக்காரம்மாவுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. கல்லூரி மாணவியும் நானும் அந்த பஸ் வளைவு திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றோம்.