கடைசி ஓவரில் போன மீசை

நாளை மருமகனுக்கு மொட்டையெடுத்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள் என்பதால் எல்லா போட்டோவிலும் என் மூஞ்சி இருக்கும். அதனால் இன்று காலை அரிமளத்தில் பழனிவேல் தம்பியின் சலூனுக்குப் போனேன்.

தம்பிக்கு அந்தக் கிரிக்கெட் ஆல்ரவுண்டர் கேப்டன் என்றால் உயிர். அவர் ஓய்வுபெற்று எத்தனையோ வருஷமாகியும், கண்ணாடிக்கு மேலே முருகன் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் தினமும் பூ உண்டு.

மீசையை ஒதுக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன இருந்தாலும் அந்தத் தோத்த மேட்ச்சுல கடைசி ஓவரை அவரே போட்டிருக்கக் கூடாது தம்பி."

கத்தி நின்றது.

"வேற யாருண்ணே போடுவா? ரன்னும் அவரே அடிக்கணும், விக்கெட்டும் அவரே எடுக்கணும். நான் போடுறேன்னு அங்கிட்டு ஒருத்தன் கையத் தூக்குனானா?"

கேப்டன் பந்து போட்ட விதத்தைக் கையைச் சுழற்றிக் காட்டிவிட்டு, அதே வேகத்தில் என் மீசைக்குத் திரும்பினார். இடது பாதி போய்விட்டது.

தம்பி என் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி அளவு பார்த்தார்.

"கேப்டன்னா சில முடிவு இப்பிடித்தாண்ணே போவும். இங்கிட்டும் எடுத்துருவோம்."

எடுத்துவிட்டார். வீட்டில் மருமகன் என்னைப் பார்த்ததும் யாரோ என்று அலறிக்கொண்டு ஓடினான்.

விசேஷத்துக்கு வரும் சொந்தங்கள் கவனிக்கவும். நாளை அவனுக்கு மொட்டையெடுக்கப்போவதும் இதே பழனிவேல்தான். கேப்டனைப் பற்றிய கருத்தெல்லாம் இங்கேயே கமெண்டில் சொல்லித் தீர்த்துவிட்டு வாருங்கள்.