கொள்ளிடக் கரை யாரால் சரிந்தது

ஓவர்சியர் ராமலிங்கம் போய்விட்டார் என்று உறையூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பொதுப்பணித் துறையில் அவரோடு ஒரே செக்ஷனில் ஒன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவன் நான். "கொள்ளிடத்துக் கரையைச் சரியவிட்டாரே, அவர்தாங்க" என்று அடையாளம் வேறு சொன்னார். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே அந்தக் கரை மழைக்கு மழை கரைந்துகொண்டிருந்தது. கரையில் பதிக்கக் கல் கேட்டு மேலிடத்துக்கு எழுதி அலுத்துப்போய், ராமலிங்கம் வெட்டிவேரை வரிசையாக நட்டார். இரண்டே வருஷத்தில் வேர் ஆளுயரத்துக்கு இறங்கி மண்ணைப் பிடித்துக்கொண்டது. "கல்லு மண்ணு மேல உக்காரும், வேரு மண்ணுக்குள்ள உக்காரும்" என்பார்.

ஒரு பங்குனியில் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொந்த ஊர் மணப்பாறைக்குப் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். கரையோர ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். "அம்மன் பந்தலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டணுங்க. சாமி காரியம், நாலு குத்து எடுத்துக்கிறோம்" என்றார்கள். சாமி காரியம் என்றால் யார் மறுப்பது? எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாலு குத்து என்று ஆரம்பித்தவர்கள் ஒரு வரிசை முழுவதையும் தோண்டிவிட்டார்கள். ஆடியில் வெள்ளம் வந்தபோது, தோண்டிய இடத்தில்தான் கரை சரிந்தது. கீழே நட்ட வயலெல்லாம் மணல் மூடிப்போனது.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி, தோண்டச் சொன்னது யார் என்று கேட்டார். நான் பைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அது ராமலிங்கத்துக்குத் தெரியும்.

"என் செக்ஷன்ங்க, பொறுப்பும் என்னுது" என்றார் அவர்.

வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. கடைசிவரை ஓவர்சியராகவே இருந்து ஓய்வு பெற்றார். அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நான் அழுதேன். அவருக்குக் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "விடுங்க. ஊருக்கு வேணுங்கிற செடியக் கரையில வெச்சது என் தப்பு. தோண்டத்தானே செய்வான்?" என்றார்.

அடுத்த மழைக்கு முன் நொச்சிக் கிளைப் போத்துகளைக் கட்டுக்கட்டாக வெட்டிவந்து, சரிந்த இடத்தில் நட்டோம். "இத ஆடு தின்னாது, ஆளும் தோண்டமாட்டான். சளிக்கு நாலு இலை பறிச்சா பறிக்கட்டும், வேரு நம்மளுது" என்றார். அதன் பிறகு வந்த எந்த வெள்ளத்திலும் அந்த இடம் அசையவில்லை. ஆனால் நட்டவர் பேர் யாருக்கும் நினைவில்லை, சரியவிட்டவர் என்ற பேர்தான் பஸ் வரைக்கும் வந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று பலமுறை அவரிடம் போயிருக்கிறேன். "இப்ப எதுக்குங்க?" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார். நானும், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு திரும்புவேன். அந்தச் சமாதானம் எனக்கு அலுத்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: தோண்டச் சொன்னது நான். அவர் பொருளென்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. இத்தனை வருஷம் எனக்காகச் சுமந்த அந்தப் பழியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.