யாருடைய ரத்தம் என்று கேட்டார்கள்

எனக்குப் பிறவியிலேயே பெரிய குரல். நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நின்று நான் கூப்பிட்டால், ரோட்டில் போகிற பஸ் நின்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். போன மழைக்காலத்தில் அந்தக் குரல் அடங்கிப்போனது. தக்காளிக் கூடையைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைரஸ் கிருமி நுரையீரல் வரைக்கும் இறங்கிவிட்டது, நிமோனியாவின் ஆரம்பம் என்றார்கள்.

இதே நோயில்தான் என் கூடப்பிறந்த அக்காவை வாரிக் கொடுத்தேன். இரண்டு நாள் போகட்டும், பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்தினார்கள். எனக்கும் அதே கதிதான் என்று நினைத்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். "நல்லா இருக்கற ஒருத்தரோட ரத்தத்துல இருந்து, கிருமியோட சண்ட போடுற செல்லுங்கள எடுத்து வளத்து வெச்சிருக்கோம்ங்க. அத ஆவி மாதிரி ஆக்கி நீங்க மூச்சுல இழுக்கணும். இன்னும் சோதனையிலதான் இருக்குது. பலன் இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது, கெடுதல் வந்தாலும் வரலாம். பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. மத்த வைத்தியம் எல்லாருக்கும் உண்டு. ஆனா இத நோய் முத்தறதுக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்."

எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

இந்த மாதிரி சோதனைக்கு நோயாளி சம்மதம் சொல்வதை வீடியோ எடுத்து வைப்பார்களாம். மறுநாள் காலையில் கேமராவை வைத்தார்கள். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் கூட நின்றார்கள். "உங்களுக்குப் புரிஞ்சுதாங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டாள். "புரிஞ்சுதுங்க," என்று அண்ணன் பதில் சொன்னார். "சம்மதமாங்க?" என்றாள். அதற்கும் அவரே வாயைத் திறந்தார். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். கல்யாணமானாலும் சரி, போர்வெல் போடுவதானாலும் சரி, எல்லாக் கேள்விக்கும் அவர்தான் பதில்.

"அந்தச் செல்லு யாரோடதுங்க? எந்த ஊரு? எந்த ஆளுங்க?" என்று கேட்டார்.

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"அப்ப வேணாம். கண்டவங்க ரத்தத்த எங்க வூட்டுப் பொம்பள மூச்சுல ஏத்த முடியாது."

என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன். அய்யோ, போடுங்கக்கா என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"மாமா, டிராக்டர் கவுந்து நீங்க கெடந்தப்போ பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்துனாங்களே, அது யாரோடது? எந்த ஆளுங்கன்னு கேட்டீங்களா?"

"அப்ப எனக்கு நெனப்பு இல்லம்மா," என்றார் அண்ணன்.

"எனக்கு நெனப்பு இருக்குது. நல்லா நெனப்போடதான் ஏத்திக்கப் போறேன். கேமராவ எம் பக்கம் திருப்புங்க டாக்டர்."

வீடியோவை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

முகத்தில் மாஸ்க்கை மாட்டி மெஷினைப் போட்டார்கள். வெள்ளையாகப் புகைந்தது. இழுத்தேன். நாக்கில் உப்புக் கரித்தது. உடனே நர்ஸைப் பார்த்தேன். "ரெண்டுமே கரிக்கும்க்கா, இத வெச்சுக் கண்டுபுடிக்க முடியாது," என்று சிரித்தாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் எனக்காகக் கையை நீட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே இன்னும் ஆழமாக இழுத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதால் மூச்சு வீணாகும்.

பிழைத்துவிட்டேன். அந்த ஆவியால் பிழைத்தேனா, மற்ற மருந்தால் பிழைத்தேனா, எனக்குத் தெரியாது.

தை மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனோம். அண்ணனின் மனைவி மெதுவாக வந்து, "இந்த வருசம் பான நான் வெச்சிக்கறேன். உனக்கு ஒடம்பு முடியலல்ல," என்றாள். எந்த உடம்பைச் சொல்கிறாள் என்று எனக்கா தெரியாது? "ஒடம்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்று பானையை வாங்கி அடுப்பில் ஏற்றினேன். விறகு ஈரம். அவள் ஊதினாள், பிடிக்கவில்லை. நான் குனிந்து ஊதினேன். இருமல் வந்தது, விடாமல் ஊதினேன். தீ குப்பென்று பிடித்தது. பொங்கல் பொங்கி வழிந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் அன்றைக்கு வயிறு சரியில்லையாம்.

போன மாதம் டாக்டரம்மா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சோதனை முடிந்துவிட்டதாம். "உங்களுக்குக் குடுத்தது செல்லா, உப்புத் தண்ணியான்னு இப்ப சொல்லலாம்ங்க. தெரிஞ்சுக்கறீங்களா?"

கூடத்தில் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கொல்லையிலிருந்து கூப்பிடுகிற என் பழைய குரலில் சொன்னேன்:

"வேணாங்க டாக்டர், சொல்லாதீங்க. உப்புத் தண்ணின்னு தெரிஞ்சுபோச்சுன்னா, எங்க வூட்டுல எல்லாரும் நிம்மதியாத் தூங்கிருவாங்க."