நட்டநடுவில் ஓர் ஓட்டை

பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்குகளைத் துளைத்து, உள்ளிருக்கும் தகவல்களை அழிப்பதுதான் அவர் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஓட்டை அண்ணன்’. பதினொரு வருஷமாக நட்டநடுவில்தான் துளைப்பார்; பழைய வகையில் தகவல் பதிந்த வட்டத்தட்டு அங்கேதான் இருக்கும். அன்று துளைத்த புதுவகை டிஸ்க் ஒன்றின் மூடி கழன்று விழுந்தது. உள்ளே பாதி இடம் காலி. தகவல் இருக்கும் சில்லுகள் ஓரமாக, கீறல்கூட இல்லாமல் இருந்தன.

“சார், நான் வெறும் காத்தைத்தான் துளைச்சிருக்கேன்,” என்றார் மேனேஜரிடம்.

“அழிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல? விடுங்க.”

இந்த வகை எப்போது வர ஆரம்பித்தது, எத்தனை இப்படிப் போயிருக்கும் என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தார்.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்று மனைவி கேட்டாள். 

மறுநாள் முதல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தே துளைத்தார். முன்பு துளைத்துப் பழைய சாமான் கடைக்கு அனுப்பியவற்றில் எது அழிந்தது, எது அழியவில்லை என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.